இருபது வயதுக்குப் பட்ட கடன்

கல்லூரியில் கூடப் படித்த ஒருவரைப் பல வருஷங்களுக்குப் பிறகு ரயிலிலோ கல்யாண வீட்டிலோ சந்திக்கிறோம். நரைத்த தலையையும் பருத்த உடம்பையும் தாண்டி ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆகிறது. கண்டுகொண்டதும் தோளைத் தட்டிக்கொள்கிறோம். காலமான ஆசிரியர்களை நினைத்துக்கொள்கிறோம். விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒரு தடவை சிரித்துக்கொள்கிறோம். ஐந்து நிமிஷத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று அது மரியாதையாக மேல்துண்டு போட்டுக்கொண்டு வரும். துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது, "நீ என்ன ஆனாய்?" என்பதுதான்.

கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் இருபது வயது இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பேசிய பேச்சு, எழுதிய கவிதை, வாங்கிய மார்க்கு, கண்ட கனவு எல்லாம் அவன் மடியில் இருக்கின்றன. மறு தட்டில் பின்னால் வந்த வாழ்க்கையை முழுவதும் ஏற்றுகிறோம். உத்தியோகம், வீடு, பிள்ளைகள், பென்ஷன், ரத்தக் கொதிப்பு எல்லாம் அதில் ஏறுகின்றன. பிறகு எந்தத் தட்டு தாழ்கிறது என்று பார்க்கிறோம். "அப்போதே சொன்னான், சொன்னபடி ஆகிவிட்டான்" என்று சிலரைப் புகழ்கிறோம். "எவ்வளவு எதிர்பார்த்தோம்! இப்படி ஆகிவிட்டானே!" என்று பலரைப் பற்றிச் சப்புக் கொட்டுகிறோம்.

பிறர் கேட்பது கிடக்கட்டும். நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் இரவுகளும் உண்டு. தூக்கம் வராமல் புரளும் வேளையில் அந்த இருபது வயதுக்காரன் நேரே நம்மிடமே வந்துவிடுகிறான். எனக்கு நீ கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கடன் கொடுத்தவன் குரலில் கேட்கிறான். நாமும் கடன் வாங்கியவர்கள் போலத் தலையைக் குனிந்துகொள்கிறோம்.

அப்படிக் கேட்க அவனுக்கு உரிமை உண்டா? இருபது வயதில் நாம் கண்ட கனவுக்கு நாம் உண்மையிலேயே கடன்பட்டவர்கள்தானா? நெடுநாளாக இந்தக் கேள்வியை மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வாசகர்கள் தங்கள் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று பழைய சாஸ்திரங்கள் சொல்லும். தேவர்களுக்கு ஒன்று, ரிஷிகளுக்கு ஒன்று, முன்னோர்களுக்கு ஒன்று. தெய்வ நம்பிக்கை இல்லாதவர்கள்கூட இதில் ஒரு நியாயத்தைக் காணலாம். நாம் கேட்காமலே பிறர் நமக்கு முன்பே செய்து வைத்தவை எவையோ, அவற்றுக்குத்தான் அங்கே கடன் என்று பெயர். தன் ஆசைக்குத் தானே பட்ட கடன் என்று ஒன்று அந்தப் பட்டியலில் கிடையாது. அது நம் காலத்துச் சரக்கு.

என் ஊர் ராசிபுரம். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997-இல் அந்த மாவட்டம் பிரிவதற்கு முன்னால் சேலம் மாவட்டத்தில் இருந்தது. நெய்க்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். சுற்றிலும் மரவள்ளிக் கிழங்குக் காடுகள், ஜவ்வரிசி ஆலைகள். எங்கள் ஊரின் பெயர் உலகம் முழுவதும் போயிருக்கிறது. ஆனால் ஒரே ஓர் எழுத்தாகப் போயிருப்பதால் பலருக்கு அது தெரியாது. ஆர். கே. நாராயண் என்ற பெயரின் தலையில் நிற்கும் 'ஆர்' ராசிபுரம்தான். அவர் எங்கள் ஊரில் பிறந்தவர் அல்லர். 1906-இல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, மைசூரில் வாழ்ந்தவர். முன்னோர் ஊரின் பெயர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான். என்றாலும் மாணவர்களாக இருந்த எங்களுக்கு அந்த ஒற்றை எழுத்தின் மேல் அபாரமான சொந்தம். 'கைடு' நாவலுக்காக 1960-இல் அவருக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் நான் சேலத்துக்குக் கல்லூரியில் படிக்கப் போனேன். எங்கள் ஊரில் அப்போது கல்லூரி கிடையாது.

நாராயணின் கல்லூரி நாட்கள் எங்களுக்கு மிகவும் ஆறுதலாக இருந்தன. மைசூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியருக்குப் பிள்ளை. ஆனால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுப்போனவர். ஒரு வருஷம் வீட்டில் இருந்து, தேர்வுக்குச் சம்பந்தமில்லாத புத்தகங்களைப் படித்துத் தள்ளினார். மகாராஜா கல்லூரியில் அவர் பி.ஏ. பட்டம் பெற்றது 1930-இல். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு நெருங்கியிருந்தது. வாத்தியார் உத்தியோகம் கிடைத்தது. சில நாட்களில் விட்டுவிட்டார். இனி எழுத்துத்தான் என்று உட்கார்ந்தார். முதல் வருஷம் எழுத்தினால் வந்த வருமானம் சுமார் ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா என்று பின்னால் அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். முதல் நாவலைப் பதிப்பாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த நண்பர் ஒருவர் அந்தக் கையெழுத்துப் பிரதியை கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான், 1935-இல் 'சுவாமியும் சிநேகிதர்களும்' வெளிவந்தது.

இருபது வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது நாங்கள் இதில் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தோம். அது லட்சிய உறுதி. உத்தியோகத்தை உதறினார், கனவை விடவில்லை, ஜெயித்தார். எண்பது வயதை எட்டிவிட்ட எனக்கு அதே கதையில் இன்னொன்று தெரிகிறது. ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணாவில் ஒரு வருஷம் சாப்பிட முடியாது. அந்த வருஷம் அவர் சாப்பிட்டார், சட்டை போட்டுக்கொண்டார், மைசூர்த் தெருக்களில் உலாவினார், எழுதினார். அப்படியானால் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்தபோதும் அவனுக்குத் தட்டுப் போட்ட வீடு அது.

இதைச் சொல்வதனால் நாராயணின் உறுதி குறைந்துவிடாது. 1937-இல் தகப்பனார் காலமானார். குடும்பப் பாரம் அவர் தோளிலும் ஏறியது. அப்போது மைசூர் அரசாங்கத்துக்காக அந்த நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக் கொடுக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். கனவைத் தாங்கிய வீட்டை, நேரம் வந்தபோது கனவு கண்டவரும் தாங்கினார். வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் வந்து போகும் செய்தி இது. நாவலுக்குக் கிடைத்த பாராட்டுக்கு எவ்வளவும் குறைந்த விஷயமாக எனக்கு இது படவில்லை.

கல்லூரிப் படிப்பையும் அதன் பின்விளைவையும் பற்றியே அவர் ஒரு நாவல் எழுதினார். 1937-இல் வந்த 'பி.ஏ. பட்டதாரி' என்ற அந்த நாவலைப் படித்தவர்களுக்குச் சந்திரனை நினைவிருக்கும். பட்டம் வாங்குகிறான், ஒரு பெண்ணைப் பார்த்து மயங்குகிறான், ஜாதகம் பொருந்தவில்லை என்று சம்பந்தம் தட்டிப்போகிறது. மனம் கசந்து, வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி, காவி கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைகிறான். ஒரு கிராமத்தில் ஜனங்கள் அவனைப் பெரிய மகான் என்று நம்பி வணங்குகிறார்கள். இருப்பதை எடுத்து வந்து அவன் முன்னால் வைக்கிறார்கள். அங்கேதான் அவனுக்குச் சுருக்கென்று தைக்கிறது. காதல் தோல்விக்காக நடித்த வேஷத்துக்கு ஏழைகளின் சோற்றைத் தின்ன எனக்கு என்ன உரிமை என்று வெட்கப்பட்டு, கிராமத்தை விட்டுப் போய்விடுகிறான். வீட்டுக்குத் திரும்பி, பத்திரிகை ஏஜெண்டாக ஒரு சாதாரண ஜீவனத்தைத் தொடங்குகிறான்.

சந்திரன் தன் கனவைக் கைவிட்டவன் என்று ஒருவர் சொல்லலாம். அவன் வளர்ந்தவன் என்று நான் சொல்வேன். கல்லூரி அவனுக்கு வரலாறு கற்பித்தது; அந்தக் கிராமத்துச் சோறுதான் அவனுக்குக் கணக்குக் கற்பித்தது. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவாசிரியர் 1984-இல் வெளியான தம்முடைய நூலில் ஒரு கற்பனைக் கதை சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யாவில் ஓர் இளம் பிரபு. சில வருஷங்களில் அவனுக்கு ஏராளமான நிலம் வரப்போகிறது. சமதர்ம லட்சியத்தில் ஊறியவனாகையால் அதைக் குடியானவர்களுக்கே கொடுத்துவிட நினைக்கிறான். வயது ஏற ஏற லட்சியம் மங்கிவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே நிலம் கைக்கு வந்ததும் தானாகவே குடியானவர்களுக்குப் போய்ச் சேரும்படி ஒரு பத்திரம் எழுதுகிறான். அதை ரத்து செய்ய வேண்டுமானால் மனைவி சம்மதிக்க வேண்டும். பின்னால் நானே வந்து கேட்டாலும் நீ சம்மதிக்கக் கூடாது, லட்சியத்தை இழந்து வந்து நிற்பவன் நான் அல்லன் என்று எண்ணிக்கொள் என்று சொல்லி அவளிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறான். நடுத்தர வயதில் அவன் மனம் மாறுகிறது. பத்திரத்தை ரத்து செய் என்கிறான். மனைவி யாருக்குக் கட்டுப்பட்டவள்? அன்று கேட்ட இளைஞனுக்கா? இன்று எதிரே நிற்கும் புருஷனுக்கா?

இளமையின் நான் வேறு, முதுமையின் நான் வேறா என்ற நுட்பமான ஆராய்ச்சிக்கு அந்தக் கதை வழி விடுகிறது. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியாது. ஆனால் ராசிபுரத்துக் குடியானவர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி எனக்குத் தெரியும். "நிலத்தை உழுதது யாருங்க?" என்பார். மனைவி சம்மதிக்கக் கூடாது என்பதுதான் என் முடிவும். இளைஞன் சொன்னான் என்பதற்காக அல்ல. இளைஞன் மறந்துவிட்டாலும், கிழவன் மறுத்தாலும், அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர்களின் பாத்தியதை அப்படியேதான் இருக்கும். இளைஞனின் லட்சியத்துக்குப் பெருமை எங்கிருந்து வந்தது? தன் கடன்காரர்கள் யார் என்று அவன் சரியாகக் கண்டுகொண்டதிலிருந்துதான். தன் பெயர் உலகெங்கும் விளங்க வேண்டும் என்று அவன் ஒரு பத்திரம் எழுதி வைத்திருந்தால், அதைக் கிழித்துப் போட்டாலும் யாருக்கும் பாவம் இல்லை.

என் வகுப்பில் ஒரு நண்பன் இருந்தான். அவனும் ராசிபுரத்துக்காரன்தான், பட்டு நெசவு செய்யும் குடும்பம். தினமும் காலையில் ஒரே பஸ்ஸில் மல்லூர் வழியாகச் சேலம் போவோம். நான் தூங்குவேன். அவன் முழங்கால் மேல் நோட்டை வைத்துக் கவிதை எழுதுவான். கல்லூரி மலரில் வந்த அவன் கவிதைகளை ஆசிரியர்களே மனப்பாடமாகச் சொன்னது உண்டு. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டு கல்லூரிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த நாட்களில் அவன் கவிதை கைக்குக் கை மாறிப் போயிற்று. எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பெயர் நிற்கும் என்றால் அது அவன் பெயர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எழுத்தாளன் ஆவான் என்று என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

பி.ஏ. தேறியதும் எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போவதாக இருந்தான். அந்தக் கோடையில் அவன் தகப்பனாருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆயுள் முழுவதும் பட்டு இழையைப் பார்த்துப் பார்த்து உழைத்த கண்கள். இவனுக்குக் கீழே இரண்டு தம்பிகள், இரண்டு தங்கைகள். அவன் தறிக்குழியில் இறங்கினான். பன்னிரண்டு வருஷம் நெய்தான். பிறகு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றான். கல்லூரி மலருக்குப் பிறகு அவன் கவிதை எதிலும் வரவில்லை.

கல்லூரியை விட்டு ஐம்பது வருஷம் ஆனதை முன்னிட்டு 2015-இல் நாங்கள் சிலர் சேலத்தில் கூடினோம். ஒவ்வொருவராக எழுந்து தம் வாழ்க்கையைச் சொன்னார்கள். பாங்கி மானேஜர், வக்கீல், தாசில்தார், ஏற்றுமதி வியாபாரி, பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருப்பவர். நான் என் நாவல்களைச் சொன்னேன். அவன் எழுந்து, "தறி போட்டேன், பிறகு சங்கத்தில் கணக்கு எழுதினேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். கலைந்து போகும்போது ஒருவர் என் காதில், "எப்பேர்ப்பட்ட மூளை! வீணாய்ப் போய்விட்டதே!" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அவன் காதிலும் விழுந்துவிட்டது.

இருவரும் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். மல்லூர் தாண்டும் வரையில் அவன் பேசவில்லை. நானாக, "உனக்கு வருத்தம் உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லேன்னு சொன்னா அது பொய்யப்பா" என்றான். "ராத்திரி தறியை நிறுத்தினதுக்கப்புறம் ஒவ்வொரு நாளைக்கு நாலு வரி வரும். எழுதி வெக்க மாட்டேன். எழுதி வெச்சா மறுநா தறியிலே உக்கார முடியாது. அப்படியே விட்டுருவேன். அதெல்லாம் எங்கே போச்சோ!"

சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "வீணாப் போச்சுன்னாரே, அவரு என்னைச் சொல்லலேப்பா. என் சின்னத் தங்கச்சி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்திலே பாடம் சொல்லிக் கொடுத்தா. அதை வீணுங்கறாரு" என்றான்.

இந்தப் பேச்சை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கடமையைச் செய்தவனுக்கு மன நிம்மதி கிடைக்கும், இழந்தது அவனுக்கு இழப்பாகவே தோன்றாது என்று சொல்வது சுலபம். கதைகளில் அப்படித்தான் முடிப்போம். என் நண்பன் அப்படிச் சொல்லவில்லை. அந்த நாலு வரிகள் போனது போனதுதான். தங்கை ஆசிரியை ஆனதால் அவை திரும்பி வந்துவிடவில்லை. அவனுடைய கனவு அவனிடம் கெஞ்சியது, நியாயமாகவே கெஞ்சியது. அது விண்ணப்பக்காரனாக வாசலில் நின்றது. தம்பி தங்கையரும் கண் மங்கிய தகப்பனும் கையில் பத்திரத்தோடு நின்றார்கள். விண்ணப்பத்தை நிராகரிக்கும்போது மனம் வலிக்கலாம், வலிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குத் துரோகம் என்று பெயர் இல்லை.

அப்படியானால் எல்லோரும் கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானா? நான் அப்படிச் சொல்லவில்லை. கடமை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. முயன்று தோற்கப் பயந்து, "குடும்பம் இருக்கிறது, நான் என்ன செய்வது?" என்று சொல்லிக்கொண்டு, பிறகு ஆயுள் முழுவதும் அந்தக் குடும்பத்தையே கடிந்துகொண்டிருக்கும் மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டார் கேட்காத தியாகத்தைச் செய்துவிட்டு அதற்கு வட்டி வசூலிப்பவர்கள் அவர்கள். கனவைச் சாக்காக வைத்துக் கடனை மறப்பதற்கும், கடனைச் சாக்காக வைத்துக் கனவுக்குப் பயப்படுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

தவிர, கடன் குடும்பத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. எங்கள் ஊருக்கு மேற்கே, திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையம் இருக்கிறது. சேலத்தில் நல்ல வருமானம் உள்ள வக்கீலாக இருந்த ராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது அந்தத் தொழிலை விட்டார். 1925-இல் புதுப்பாளையத்துக்கு வந்து காந்தி ஆசிரமத்தை ஏற்படுத்தினார். சட்டப் படிப்புக்குச் செலவழித்ததெல்லாம் வீண் என்று அன்றைக்கும் சிலர் முணுமுணுத்திருப்பார்கள். அவரோடு அந்த ஆசிரமத்தில் இருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை நடத்த உதவிய இளைஞர், 1921-இல் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் விட்டு வெளியேறி, 1922-இல் சிறை சென்றவர். கல்லூரி வாசலையே மிதிக்காதவர். அவர்தாம் கல்கி. இந்த இருவருடைய பெயரும் நிலைத்துவிட்டது. அதே அழைப்பைக் கேட்டு அதே போலப் படிப்பை விட்டுவிட்டு வந்து, பிறகு எந்த உத்தியோகமும் கிடைக்காமல், எந்தப் பெயரும் நிற்காமல் போன மாணவர்கள் நாடெங்கும் எத்தனையோ பேர். "என்ன ஆனாய்?" என்ற தராசில் அவர்களை ஏற்றினால் தட்டு அசையாது. அவர்கள் அடைத்த கடனில்தான் நாம் சுதந்திர நாட்டில் கல்லூரிக்குப் போனோம்.

கல்லூரியும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. மாணவன் கட்டிய சம்பளத்தில் எந்தக் கல்லூரியும் நடந்ததில்லை. தீப்பெட்டி வாங்கியவன், மண்ணெண்ணெய் வாங்கியவன் எல்லோரும் கொடுத்த வரியில் நடந்தது. எங்கள் பக்கத்துக் காடுகளில் கிழங்கு தோண்டியவர்களில் பெரும்பாலோர் கல்லூரியின் உட்புறத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்காத கட்டடத்துக்குச் செங்கல் வாங்கிக் கொடுத்தார்கள்.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் பி.ஏ. பட்டம் வெண்ணெயினால் ஆனது. எங்கள் வீட்டில் இரண்டு எருமைகள் இருந்தன. அம்மா விடியற்காலையில் தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பாள். அதை நெய் வியாபாரிக்குக் கொடுப்பாள். அந்தப் பணம் சுருக்குப் பையில் சேர்ந்து, பருவத்துக்கு ஒரு முறை என் கல்லூரிச் சம்பளமாகச் சேலம் போகும். நெய்க்குப் பேர்போன ஊரில், எங்கள் வீட்டுச் சோற்றில் நெய் விழுந்தது பண்டிகை நாட்களில்தான். அம்மா கடைந்தாள், எருமைகளுக்குப் புல் அறுத்தது அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கணக்கில் புலி. எட்டாவதோடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவின் கதையும் அக்காவின் கதையும் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. ஒரு பொங்கலுக்கு வெண்ணந்தூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "படிப்பை விட்டதில் உனக்கு மனக்குறை உண்டா, அக்கா?" என்று கேட்டேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "நான் எங்கே தம்பி விட்டேன்? என்னைய யாரு கேட்டாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அம்மா கொடுத்தாள். என் நண்பனும் கொடுத்தான். அக்கா கொடுக்கவில்லை, அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. நம் நாட்டில் ஒரு தலைமுறை ஆண்களின் பட்டங்களுக்குப் பின்னால் இந்த இரண்டு விதமான கணக்கும் இருக்கிறது. முன்னதைத் தியாகம் என்று சொல்லி மாலை போடுகிறோம். பின்னதற்கு நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை; ஆகவே அதையும் தியாகம் என்றே சொல்லிவிடுகிறோம். கேட்காமல் எடுத்ததைத் தியாகம் என்று புகழ்வது, கடனை அடைக்காமலே ரசீது எழுதிக்கொள்வதைப் போன்றது.

அந்தக் கடனை எப்படி அடைப்பது? அக்காவின் பன்னிரண்டாவது வயதை யாராலும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. நாங்கள் படித்து முடித்த சில வருஷங்களில் அண்டகளூர் கேட்டில் திருவள்ளுவர் அரசினர் கலைக் கல்லூரி வந்துவிட்டது. பின்னால் அக்கா தன் மூத்த பெண்ணை அங்கே அனுப்பினாள். அடுத்த இரண்டு பெண்களையும் விடாமல் படிக்கவைத்தாள். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு?" என்றவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாளாம்: "அவளைக் கேட்டேன், படிக்கிறேங்கறா." தனக்குக் கிடைக்காத கேள்வியை அவள் தன் பெண்களிடம் கேட்டாள். கடன் வாங்கியவர்கள் நாங்கள், அடைத்தவள் அவள்.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. சில கடன்களைக் கொடுத்தவரிடமே திருப்பித் தர முடியாது. அடுத்து வருகிறவரிடம்தான் கொடுக்க முடியும். மிச்சம் இருப்பதைக் கடனாகவே வைத்திருக்க வேண்டும்; அடைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு விதமான நாணயம்தான்.

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று எங்கள் நாமக்கல் மாவட்டம் உறைவிடப் பள்ளிகளுக்குப் பேர்போனது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்; நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் சேர்க்கிறார்கள். சேர்த்துவிட்டுச் செலவுக் கணக்கைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். "உனக்காக எவ்வளவு செலவழித்திருக்கிறோம் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். கடன் என்பதை வாங்கியவன் மறக்கக் கூடாது. கொடுத்தவர் நினைவூட்டக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் அன்பு வட்டிக்கடை ஆகிவிடும். என் அம்மா சுருக்குப் பையை அவிழ்க்கும்போது ஒரு நாளாவது கணக்குச் சொல்லியிருந்தால், நான் இந்தக் கணக்கை இத்தனை வருஷம் மனத்தில் வைத்திருப்பேனா என்பது சந்தேகம்.

கல்லூரியை விட்டு இந்த வருஷம் வெளியே வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கனவு காணுங்கள், அதற்காக உழையுங்கள். அது பலித்தால் சந்தோஷம். பலிக்காவிட்டால், இருபது வயதில் நீங்கள் இருந்த நிலையை எண்ணி ஆயுள் முழுவதும் குற்றவாளியைப் போல நிற்க வேண்டாம். அந்த வயதில் உங்களுக்கு நிறையத் தெரியும். யார் செலவில் தெரிந்துகொண்டோம் என்பது மட்டும் தெரிந்திராது. அது தெரிய வரும் நாள் ஒன்று வரும். அன்றைக்குத்தான் படிப்பு முடிகிறது.